பிளக் தொப்பியும் கடற்காற்றும்

போர்ட் பிளேர் துறைமுகத்தின் வடகரையில், சாத்தம் தீவுக்கு எதிர்முகமாக அமைந்திருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டியோடு செல்ல விரும்புகிறவர்கள், ஃபெரார்கஞ்சையும் விம்பர்லிகஞ்சையும் தொட்டுக்கொண்டு தரைமார்க்கமாகப் பல பத்துக் கிலோமீட்டர் சுற்றி வருவதை விட்டு, சாத்தம் ஜெட்டியில் வண்டிப் படகு ஏறிச் சொற்ப நேரத்தில் அக்கரை சேர்வதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். படகின் திறந்த தளத்தில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கார்களும் நெருக்கியடித்து நிற்க, கடல்நீரின் நுண்ணிய திவலைகள் காற்றோடு கலந்து வந்து அவற்றின்மீது படிகின்றன. வெயிலில் அந்தத் திவலையின் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. சில மாதங்கள் சென்று ஒரு மழைநாட் காலையில், எவ்வளவு உதைத்தும் வண்டி கிளம்பாமல் நிற்கும்போது, உடையவர் முதலிற் கைவைக்கும் இடம் பிளக்கின் தலையிற் கவிழ்ந்திருக்கும் ரப்பர் தொப்பி. அநேகமாக முதலிற் கிழிவதும் அதுதான்.

சென்னையில் இது கிழிந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ ஒரு நடை போய் வந்தால் தீர்ந்தது. அந்தமானில், பழக்கத்திலுள்ள வண்டியாக இருந்தால் கடைத்தெருவில் கிடைத்துவிடும். சற்றே அபூர்வமான மாதிரியாக இருந்தாலோ, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சரக்கு வரும்வரையில் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, கையளவுகூட இல்லாத இந்த வஸ்துவைச் சேதமின்றிக் கழற்றும் உபாயத்தை அறிந்துகொள்வதில் இவ்வூராருக்கு மற்றவர்களைவிட அதிகப் பிரயோஜனம் உண்டு. இதே பாம்பூஃப்ளாட்டில் நிறுவப்பட்ட 20 மெகாவாட் மின்நிலையத்தின் எந்திரங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை டீசல் எந்திரங்கள். காற்றை இறுக்கிய உஷ்ணத்திலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்கோ பொறி வேண்டும்; பொறிக்கு மின்சாரம் வேண்டும்; அந்த மின்சாரத்தை வழிதவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொப்பி வேண்டும்.

மின்சாரம் ஏன் வழிதவற வேண்டும்? சாதாரண காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்கு மின்சாரத்துக்குச் சுமார் 3,000 வோல்ட் தேவை. பிளக்கின் நுனியிலுள்ள இடைவெளி முக்கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். அப்படியானால் 3,000 வோல்ட்டோடு காரியம் முடிந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பொறி தோன்றும் கணத்தில் அங்கேயுள்ள வாயு எட்டு ஒன்பது மடங்கு நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. வாயு நெருங்க நெருங்க அதைப் பிளந்து செல்ல அதிக வோல்ட் வேண்டும் என்பதை ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஃபிரீட்ரிஷ் பாஷன் 1889-இல் தமது சோதனைகளால் விளக்கினார். அதனால்தான் வண்டியின் காயில் என்னும் மின்சுருள் 10,000 முதல் 30,000 வோல்ட் வரையில் எழுப்புகிறது. இவ்வளவு வீரியமுள்ள மின்சாரம், எந்திரத்துக்குள்ளே நெருக்கமான வாயுவைத் துளைத்துச் செல்லும் கடின மார்க்கத்தைவிட, வெளியே பிளக்கின் பீங்கான் மேற்பரப்பில் வழுக்கி இரும்பு உடலை அடையும் சுலப மார்க்கம் ஒன்று அகப்பட்டால் அதையே விரும்பும். அந்த மார்க்கத்தை அடைப்பதுதான் தொப்பியின் முதற்கடமை. பீங்கான் கழுத்தில் சில பிளக்குகளுக்கு வரிவரியாக மேடுகள் வைத்திருப்பதும், மேற்பரப்பின் தூரத்தைக் கூட்டி மின்சாரத்தின் பிரயாணத்தை நீட்டுவதற்காகவே.

உலர்ந்த பீங்கான் மின்சாரத்துக்கு இடங்கொடுக்காது. உப்புப் படிந்த பீங்கானின் கதை வேறு. சமையலுப்பு, காற்றிலுள்ள ஈரம் 75 சதவீதத்தைக் கடந்ததும் தானாகவே நீரை ஈர்த்துக் கரைந்து திரவமாகிவிடும் இயல்புடையது. கடலுப்பிலோ மக்னீஷியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதற்கும் வெகு குறைந்த ஈரத்திலேயே அது கசியத் தொடங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையை இரண்டு பருவக்காற்றுகளிலும் வாங்கிக்கொள்ளும் தென் அந்தமானில், காற்றின் ஈரம் இந்த எல்லையைத் தாண்டாத நாட்கள் குறைவு. எனவே இங்கே ஒரு பொருளின்மேல் படிந்த உப்பு, பெயருக்குத்தான் உலர்ந்தது. உண்மையில் அது மின்சாரத்தை எளிதிற் கடத்தும் மெல்லிய நீர்ப்படலம். தொப்பியின் விளிம்பு சற்றே பிளந்திருந்தாலும் போதும்: அந்தப் படலத்தின்மேல் மின்சாரம் ஊர்ந்து, ஊர்ந்த தடத்தைக் கரித்து, கரிந்த தடத்தையே தனக்கு நிரந்தரப் பாதையாக்கிக்கொள்ளும். அத்தகைய பிளக்கை எடுத்துப் பார்த்தால், வெண்பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிறுக்கியது போன்ற கருங்கோடு ஒன்று தென்படும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. பிளக்கை மாற்றுவதுதான் பரிகாரம். அதன் எதிரொலியாகத் தொப்பியின் உட்சுவரிலும் அதே கோடு பதிந்திருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், பழைய தடம் புதியதைக் கெடுத்துவிடும்.

ஆகவே தொப்பி பீங்கானை இறுகப் பிடிக்க வேண்டும் என்பது அதை ஆக்கியவர்களின் நோக்கம். நமக்குத் தொல்லையாகத் தோன்றும் பிடிவாதம் அதன் உத்தியோக லட்சணமே. அந்தப் பிடி ஒன்றல்ல என்பதை அறியாமல் இழுப்பதனால்தான் சேதம் விளைகிறது. தொப்பிக்குள்ளே உலோகக் கவ்வி ஒன்று பிளக்கின் தலையிலுள்ள குமிழைப் பற்றியிருக்கிறது; இது நேராக இழுத்தால் ‘டக்’கென்று விட்டுவிடும் சாது. இரண்டாவது, காற்றின் பிடி: தொப்பியை அழுத்திப் பொருத்தும்போது உள்ளிருந்த காற்று வெளியேறிவிடுவதால், வெளிக்காற்றின் அழுத்தம் அதை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கிறது. விளிம்பைச் சற்றே தூக்கிக் காற்றுக்கு வழிவிட்டால் இதுவும் விட்டுப்போகும். மூன்றாவதுதான் வில்லங்கமானது. ரப்பரும் பீங்கானும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டாக்கும் பிடி அது.

இந்த ஒட்டுதலின் சூட்சுமம் சிலிக்கோன் என்னும் பொருளின் பிறப்பிலேயே இருக்கிறது. நாட்டிங்ஹாமில் ஆசிரியராயிருந்த ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற ரசாயன அறிஞர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்தபோது, பாத்திரத்தின் அடியில் பிசுபிசுப்பாகத் தங்கிய பொருள்களால் உலகத்துக்குப் பெரிய உபயோகம் ஏற்படும் என்று நம்பவில்லை. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க விமானங்கள் வெகு உயரத்தில், காற்று மெலிந்த வெளியில் பறக்க நேர்ந்தது. அடர்ந்த வாயுவைப் பிளக்க அதிக வோல்ட் வேண்டும் என்ற அதே விதிப்படி, மெலிந்த காற்றில் மின்சாரம் சுலபமாகக் கசிந்து, பிளக் இணைப்புக்களில் ஓடி, எந்திரத்தைத் தடுமாறச் செய்தது. 1943-இல் தோன்றிய டௌ கார்னிங் நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த பண்டம், அந்த இணைப்புக்களைப் பூசி அடைப்பதற்கான சிலிக்கோன் கிரீஸ்தான். உபயோகமற்றதென்று கருதப்பட்ட பிசின், பிளக் தொப்பியின் வாசலிலேதான் உலகப் பிரவேசம் செய்தது என்பது எனக்கு எப்போதும் ரசமான செய்தி.

இன்று தொப்பிகளே பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரால் ஆனவை. மற்ற ரப்பர்களின் முதுகெலும்பு கார்பன் அணுக்களின் சங்கிலி; சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. 200 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தையும் தாங்கும் வன்மை அதற்கு அதனால்தான் வாய்த்தது. பிளக்கின் பீங்கான் அலுமினாவால் ஆனது. அதன் மேலே பளபளப்புக்காகப் பூசிய மெருகு ஒருவகைக் கண்ணாடி. கண்ணாடி என்பதும் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய வலைதான். இப்படி நெருங்கிய உறவினமான இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்து, எந்திரத்தின் உஷ்ணத்தில் மாதக்கணக்கில் வேகவிட்டால், ரப்பரின் சங்கிலிகள் அறுந்தும் மறுபடி இணைந்தும் இடம்மாறும்போது, சில கண்ணிகள் கண்ணாடிப் பரப்பிலுள்ள அணுக்களோடு நிரந்தர சம்பந்தம் செய்துகொண்டுவிடுகின்றன. பிறகு அதை ஒட்டுதல் என்று சொல்வதைவிடப் பிணைப்பு என்று சொல்வதே பொருந்தும். பிளக்கை வெகுகாலம் தொடாமலே விட்ட வண்டியில் தொப்பி பிடிவாதம் செய்வதும், அடிக்கடி கழற்றிப் பார்க்கப்படும் வண்டியில் இலகுவாக வருவதும் இதன் காரணமாகவே.

இனி இழுக்கும் விஷயம். தொப்பியின் மேல்முனையைப் பிடித்து இழுக்கிறோம். ரப்பர், இழுத்தால் நீளும் பொருள். நீளும்போது கன அளவு ஏறக்குறைய மாறாமலே இருக்குமாதலால், நீண்ட அளவுக்கு அது குறுக வேண்டும். பௌதிகப் புத்தகங்களில் பாய்ஸன் விகிதம் என்று படிக்கும் கணக்கு இதுதான். ரப்பருக்கு அது உச்ச அளவான அரையை நெருங்கியிருக்கிறது. குழாய்போல் இருக்கும் தொப்பி குறுகினால் என்ன ஆகும்? உள்ளேயிருக்கும் பீங்கானை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்குக் கயிறு போன்ற இந்தப் பொறியில் சிக்கிக்கொண்டவர், பிடி தளரவில்லையே என்று மேலும் பலத்தைச் செலுத்துகிறார். ரப்பர் மேலும் இறுகுகிறது. இறுதியில் மிகவும் பலவீனமான இடம் எதுவோ அது அறுகிறது. சிலிக்கோன் ரப்பர் உஷ்ணத்துக்கு அஞ்சாததே தவிர, கிழிசலுக்கு அஞ்சும். நகத்தளவு கீறல் விழுந்தால் அது ஓடி முடியும்வரை நிற்காது. அதே தொப்பியை அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கித் தள்ளினாலோ, ரப்பர் குறுகுவதற்குப் பதிலாக விரிகிறது. விரிந்தால் பிடி நெகிழ்கிறது. எவ்வளவு பலம் என்பதைவிட, பலத்தை எந்த இடத்தில், எந்தத் திசையில் பிரயோகிக்கிறோம் என்பதே இங்கே முக்கியம்.

தொப்பியை விட்டு வயரையே பிடித்து இழுப்பது இன்னும் பெரிய அவிவேகம். கார்களின் பிளக் வயர்களுக்குள்ளே பெரும்பாலும் செம்பு இருப்பதில்லை. ரேடியோவில் கரகரப்பு உண்டாகாதிருக்க வேண்டி, கார்பன் தோய்த்த இழைகளையே வைத்திருக்கிறார்கள். இழுத்தவுடன் வெளியில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே இழை கவ்வியிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். அந்த இடைவெளியிலும் ஒரு பொறி தாண்டத் தொடங்கி, இழையைச் சிறிது சிறிதாக எரித்துத் தின்று, சில வாரங்களுக்குப் பின் ஏதோ ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி திக்குகிறது. பழி பெட்ரோலின்மேல் விழுகிறது. மோட்டார் சைக்கிள்களின் நிலை மேல். அவற்றின் வயரில் செம்புக் கம்பிகளே உண்டு. தொப்பியும் பேக்லைட்டாலான கடினத் தொப்பி. அதற்குள் பெரும்பாலும் 5,000 ஓம் தடையும், வயருக்குள் திருகிச் செல்லும் கூரிய ஆணியும் இருக்கும். வயரின் நுனி பச்சைக்களிம்பு ஏறிப் பழுதாகியிருந்தால், தொப்பியைத் திருகிக் கழற்றி, நுனியில் அரைச் சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு, புதிய செம்பு தெரியும் இடத்தில் மறுபடி திருகிப் பூட்டிவிடலாம். கடல்சூழ்ந்த ஊரில் இந்தச் சிறு வைத்தியம் எத்தனையோ வண்டிகளுக்கு உயிர்கொடுத்திருக்கிறது.

கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் இதைச் செய்வதைக் கவனித்தால், அவர் அவசரப்படாததே முதலில் நம் கண்ணிற்படும். சாவியை நிறுத்தி, எந்திரம் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார். இதில் அபிப்பிராய பேதம் உண்டு. முற்றிலும் ஆறட்டும் என்பார் சிலர். வெப்பத்தால் விரிவதில் சிலிக்கோன் ரப்பர் பீங்கானைப்போல் சுமார் முப்பது மடங்கு ஆதலால், ஆற ஆறத் தொப்பி இறுகவே செய்யும் என்பதையும், கொதிக்கும் சூட்டில் ரப்பர் எளிதிற் கிழியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இளஞ்சூடே உசிதம் என்பது என் கட்சி. பிளக்கைத் திருகிக் கழற்றுவதற்கு மட்டும் முழுவதும் ஆறவேண்டும். அலுமினியத் தலையின் மரைகள் சூட்டில் உரிந்துவரும். பிறகு பிளக் குழியைச் சுற்றியிருக்கும் மணலையும் உப்புத்தூளையும் காற்றால் ஊதித் தள்ளுகிறார். தொப்பியின் தடித்த பகுதியை, வயரைத் தொடாமல், விரல்களாற் பற்றி, இழுக்காமல் இடமாகக் கால் சுற்று, வலமாகக் கால் சுற்று முறுக்குகிறார். முறுக்கும்போது ஒட்டுதல் முழுவதும் ஒரே சமயத்தில் அறுபடவேண்டிய அவசியமில்லை. ஓரத்தில் தொடங்கிய விரிசல் சுற்றிச் சுற்றி உள்ளே பரவுகிறது. முதல் முறுக்குக்கு அசையாத தொப்பி, மூன்றாவது நான்காவது முறுக்கில் மெல்லிய கிறீச்சொலியோடு விடுபடுவதை விரல் உணர்கிறது. அதன் பிறகே அவர் இழுக்கிறார். அதுவும் பிளக்கின் அச்சுக்கு நேராக, முறுக்கிக்கொண்டே.

அவ்வாறும் வராத தொப்பி உண்டு. மழுங்கிய முனையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை விளிம்புக்கும் பீங்கானுக்கும் இடையே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி, சிறிது சிலிக்கோன் ஸ்பிரேயை உள்ளே செலுத்தினால், காற்றின் பிடியும் ஒட்டுதலின் பிடியும் ஒருங்கே தளரும். ரப்பர் உறை போட்ட வளைந்த தாடைகளையுடைய தொப்பிக் குறடு கிடைத்தால் இன்னும் உத்தமம். மண்ணெண்ணெயையும் எந்திர எண்ணெயையும் ஊற்றுவதை நான் ஒப்புவதில்லை. கழன்று வரும் என்பது மெய்யே, ஆனால் பல ரப்பர்கள் அவற்றை உறிஞ்சி ஊதிப்போய், மறுபடி பொருந்தாமற் போகும். ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவதோ பெருங்குற்றம். அலுமினாப் பீங்கான் அமுக்குவதை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்; வளைப்பதைத் தாங்காது. மயிரிழை போன்ற விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. 20,000 வோல்ட்டுக்குத் தெரியும்.

பழைய தலைமுறையின் ஒரு பழக்கத்தை இவ்விடத்திற் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று சிலிண்டரோ நான்கோ உள்ள காரில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கியபோது ஓட்டத்தின் சப்தம் மாறவில்லையோ அதுவே குற்றவாளி. டிஸ்டிரிபியூட்டர் இருந்த காலத்தில் இது பெரும்பாலும் கையில் ஓர் அதிர்ச்சியோடு முடிந்தது. இப்போதுள்ள காயில்களிலோ, பொறி தாண்ட இடமில்லாமற் போகும்போது வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறி, காயிலின் உள்காப்பையே துளைத்துவிடலாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கேயுள்ள வினையூக்கி அறையைச் சூடேற்றிப் பாழாக்கும். நூறு ரூபாய்ப் பரீட்சைக்குப் பல ஆயிரம் ரூபாய் தட்சிணை.

புதிய கார்களில் வயரே இல்லை. ஒவ்வொரு பிளக்கின்மேலும் ஒரு காயில் அமர்ந்து, அதிலிருந்து நீண்ட ரப்பர்க் குழல் ஆழமான கிணற்றுக்குள் இறங்கி, உள்ளேயிருக்கும் சுருள்வில் வழியாகப் பிளக்கைத் தொடுகிறது. இங்கே விரல் எட்டாது. ஆகவே காயிலின் தலையைப் பிடித்துத்தான் முறுக்க வேண்டும். மின்னிணைப்புச் சொருகியை முதலிற் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை இருபுறமும் சிறிது திருப்பி, பிடி விட்ட பிறகு நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் குழல் நடுவில் அறுந்து, பாதி கிணற்றின் அடியில் தங்கிவிடும். அப்படித் தங்கிய துண்டைக் குத்தியெடுக்க முனைவதால் ரப்பர்த் துகள்களே அதிகமாகும். நீண்ட மூக்குக் குறட்டால் அதன் விளிம்பைப் பற்றி, அங்கேயும் முறுக்கியே எடுக்க வேண்டும். கிணற்றில் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் பாக்கிங் கசிகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுக் குழல் போடுவது வீண். பல வண்டிகளுக்கு ரப்பர்க் குழலும் சுருள்வில்லும் தனியாகவே விற்பனைக்கு உண்டு என்பதை அறியாமல், குழல் கிழிந்த குற்றத்துக்காக முழுக் காயிலையும் வாங்குகிறவர்கள் பலர். கப்பலில் சரக்குக்குச் சொல்லியனுப்பும்போது இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

திரும்பப் பூட்டும்போது, பிளக்கின் தலையிலுள்ள பச்சையும் வெள்ளையுமான களிம்பைத் தேய்த்தெடுத்து, பீங்கானை ஈரமில்லாத துணியால் துடைத்து, தொப்பியின் உள்விளிம்பில் மட்டும் மின்காப்புக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். இந்தக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவ்வியில் அப்புவதற்காக ஏற்பட்டதன்று. உப்புநீர் நுழையும் வாயிலை அடைப்பதும், அடுத்த முறை ரப்பர் பீங்கானோடு பிணைந்துகொள்ளாமல் இடையில் நிற்பதுமே அதன் வேலை. சில உற்பத்தியாளர்கள் சிலிக்கோன் ரப்பருக்குச் சாதாரண சிலிக்கோன் கிரீஸ் ஆகாது, அது ரப்பரை ஊதவைக்கும் என்று வேறுவகைக் கிரீஸைக் குறிப்பிடுகிறார்கள். வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். வயர்கள் பல இருக்கும் பழைய கார்களில், கழற்றுமுன்பே ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி இலக்கமிட்டு வைப்பது வழக்கம். பழைய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர்கள் 1, 3, 2 என்ற வரிசையில் வெடிப்பவை, இரண்டு வயர் இடம்மாறினாலே எந்திரம் இருமத் தொடங்கும். தொப்பியை நேராக வைத்து, உள்ளே கவ்வி குமிழைப் பற்றும் ‘டக்’ ஒலி கேட்கும்வரை அழுத்தி, அழுத்திய பின் விளிம்பைச் சுற்றி விரலை ஒருமுறை ஓட்டி மடிப்பு ஏதுமில்லையென்று பார்த்துக்கொண்டால், படகேறும் ஸ்கூட்டருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை இதே காரியத்தைத் திரும்பச் செய்வது போதுமானது. படகேறாமல் கரையிலேயே ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால்.